பழுதறிவும் பொறியறிவும்

சேலம் நகரிலிருந்து வடக்கே நோக்கினால் முகில் தவழும் முடியோடு நிற்பது சேர்வராயன் மலை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் ஏற்காட்டை அடையலாம். ஏரியும் காடும் ஒருங்கே அமைந்தமையால் அவ்வூர் ஏற்காடு எனப் பெயர் பெற்றது என்பர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ள அம்மலைநாட்டின் சிற்றூர்களுள் ஒன்று தலைச்சோலை. காப்பிச் செடிகளும், அவற்றிற்கு நிழல் தரும் நெடுமரங்களும், அம்மரங்களைத் தழுவிப் படரும் மிளகுக் கொடிகளும் அவ்வூரின் பெயரை மெய்ப்பிக்கின்றன.

மழைக்காலத்தில் அங்கு மூடுபனி தெருவோடு நில்லாது, வீட்டினுள்ளும் புகும். கொடியில் இட்ட ஆடை மூன்று நாளாயினும் ஈரம் புலராது. ஆடை உலராத இடத்தில் பொறிகளும் உலர்வதில்லை. செம்புக் கம்பிச் சுருளில் ஈரம் படியும். இரும்பில் துரு ஏறும். இடியும் மின்னலும் மிகுந்த நாளில் மின்கருவிகள் பல ஒருசேரப் பழுதாகும். ஆதலின், அம்மலையில் வீட்டுப் பொறிகளைப் பழுது பார்ப்பவர்க்கு வேலை குறைவதில்லை. அவ்வேலை இனி என்னவாகும்? ‘செயற்கை நுண்ணறிவு’ என்னும் புதிய ஆற்றல் அதனை வளர்க்குமோ, அழிக்குமோ? இதனை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

நம் பாட்டியர் அம்மியில் அரைத்தனர், ஆட்டுக்கல்லில் மாவாட்டினர். அம்மி தேய்ந்தால் கல் கொத்துபவர் தெருவழியே வருவார். அரை நாழிகையில் கொத்திக் கொடுத்துவிட்டுச் செல்வார். பின்னர் மின்விசை வந்தது. கோயம்புத்தூரில் 1955-ஆம் ஆண்டில் சபாபதி என்பார் மாவாட்டும் மின்பொறியை அமைத்தார் என்பர். நாம் ‘மிக்சி’ என்று வழங்கும் அரைப்பான் தோன்றிய வரலாறோ இன்னும் சுவையானது. சத்தியப் பிரகாஷ் மாத்தூர் என்னும் பொறியாளரின் மனைவியார் செருமானிய நாட்டு அரைப்பான் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். நம் நாட்டு மசாலாவையும் பருப்பையும் அரைத்து அரைத்து அது பழுதுற்றது. அதனைச் செம்மை செய்து தருவார் இந்நாட்டில் இலர். ‘இந்நாட்டுச் சமையலுக்கு ஏற்ற பொறியை நாமே செய்தால் என்ன?’ என்று எண்ணிய மாத்தூர் முயன்று வென்றார். 1963-ஆம் ஆண்டில் அதற்கெனத் தொழில் நிறுவனமும் தொடங்கினார். எனவே, பழுது பார்ப்பார் இல்லாக் குறையே இந்திய மிக்சியின் பிறப்பிற்குக் காரணமாயிற்று எனலாம்.

தமிழ்நாட்டரசு 2006-ஆம் ஆண்டு முதல் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளையும், 2011-ஆம் ஆண்டு முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றையும் குடும்பங்கட்கு விலையின்றி வழங்கிற்று. மலைச் சிற்றூர்களின் குடிசைகளிலும் பொறிகள் சுழன்றன. பொறி பெருகவே பழுதும் பெருகிற்று; பழுது பெருகவே அதனைப் பார்ப்பாரும் பெருகினர்.

பழுது பார்ப்பவர் தம் தொழிலை எவ்வாறு செய்கின்றார் என்பதை நீங்கள் ஊன்றி நோக்கியதுண்டோ? தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தார். தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல் என்னும் ஐந்தும் புலனறிவு, ஆறாவது மனவறிவு. நல்ல தொழிலாளி சுவையொன்று நீங்கலாக ஏனைய ஐந்தறிவையும் தம் பட்டறையில் ஆள்கின்றார்.

மின்விசிறி ஒன்று பட்டறைக்கு வருகின்றது. அது சுழலாமல் முனகுகின்றது. கையால் மெல்லத் தள்ளிவிட்டால் சுழலத் தொடங்குகின்றது. ‘சுருள் நன்றாக உள்ளது, கெப்பாசிட்டர் போயிற்று’ என்று செவியும் கையும் கூறிவிடும். மிக்சி ஒன்றைத் திறக்கின்றார். தீய்ந்த நாற்றம் எழுகின்றது. ‘காயில் எரிந்துவிட்டது’ என்று மூக்கு கூறும். கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பதைக் கண் கூறும். பேரிங் வறண்டிருப்பதை ஓசை கூறும். இவ்வளவையும் தொகுத்து, ‘இது சுருளின் குற்றமன்று, அளவிற்கு மீறிப் போட்டு அரைத்ததன் குற்றம்’ என்று முடிவு கட்டுவது மனம். இவ்வறிவு ஏட்டில் கற்றதன்று. ஆயிரம் பொறிகளைத் திறந்து மூடிய கையில் ஊறியது.

இனி, செயற்கை நுண்ணறிவு யாது என்பதைக் காண்போம். அமெரிக்க நாட்டில் டார்ட்மத் என்னும் கல்லூரியில் 1956-ஆம் ஆண்டு கோடையில் அறிஞர் சிலர் கூடினர். மனிதன் அறிவால் செய்வனவற்றைப் பொறியும் செய்யுமாறு அமைக்க இயலுமா என்று ஆராய்வது அவர்தம் நோக்கம். ஜான் மெக்கார்த்தி முதலியோர் அக்கூட்டத்திற்கென முந்திய ஆண்டில் எழுதிய திட்டவுரையில் இத்துறைக்கு இட்ட பெயரே இன்றளவும் வழங்குகின்றது.

தொடக்கத்தில் பொறிக்கு விதிகளைக் கூறினர். ‘இன்னது நேர்ந்தால் இன்னது காரணம்’ என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தனர். பிற்காலத்தில் வேறொரு நெறி மேலோங்கிற்று. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்களை நினையுங்கள். பழுத்ததையும் காயையும் அவர்கள் கண்டவுடனே பிரித்தறிகின்றனர். விதி கற்று அறிந்தவர்கள் அல்லர். பல்லாயிரம் பழங்களைக் கண்டு கண்டு அறிந்தவர்கள். அவ்வாறே எண்ணற்ற படங்களையும் ஓசைகளையும் எழுத்துகளையும் காட்டிக் காட்டிப் பொறியைப் பழக்கும் முறை இன்று வளர்ந்துள்ளது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ வெளிவந்தது. அதன்பின் பொதுமக்களும் இத்தகைய பொறியோடு உரையாடத் தலைப்பட்டனர். வினாவை எழுதினால் விடையை எழுதுகின்றது; தமிழில் கேட்டால் தமிழிலேயே கூறுகின்றது.

பழுது பார்க்கும் தொழிலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் உள்ள உறவு நேற்றுத் தோன்றியதன்று. ஜெனரல் எலக்ட்ரிக் என்னும் அமெரிக்க நிறுவனம் டீசலும் மின்விசையும் கொண்டு இயங்கும் இரயில் எஞ்சின்களைச் செய்து வந்தது. அவற்றின் பழுதறிவதில் தலைசிறந்தவர் டேவிட் ஸ்மித் என்பார். எளிதில் விளங்காத பழுது எங்கு நேரினும் அவரை வரவழைத்தல் வேண்டும். அன்றேல், எஞ்சினை அவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். அவர் ஓய்வு பெறும் காலம் நெருங்கிற்று. ‘அவரோடு அவர் அறிவும் சென்றுவிடுமே’ என்று நிறுவனத்தார் கவலை கொண்டனர். 1980-களின் தொடக்கத்தில் பொறியறிஞர்கள் அவரோடு அமர்ந்து, ‘இதனைக் கண்டால் என்ன எண்ணுவீர்? அடுத்து எதனைச் சோதிப்பீர்?’ என்று மாதக் கணக்கில் வினவினர். அவர் கூறியவற்றை நூற்றுக்கணக்கான விதிகளாக்கிக் கணிப்பொறியில் ஏற்றினர். ‘டெல்டா’ என்னும் அவ்வமைப்பு தொழிலாளியை வினாக்கள் கேட்டுப் பழுதின் இடத்தைச் சுட்டியது. செம்மை செய்யும் வகையைத் திரையில் படமாகவும் காட்டிற்று.

இந்நிகழ்ச்சியிலிருந்து இரண்டு உண்மைகளை நாம் உணரலாம். பொறிக்கு அறிவு வானத்திலிருந்து இறங்கவில்லை; எண்ணெய்க் கறை படிந்த ஒரு மனிதரின் கையிலிருந்தே சென்றது. இது முதலாவது. கைக்குள் இருந்தவரை அவ்வறிவு தொழிலாளியின் செல்வம். பொறிக்குள் சென்றபின் அது பொறியை உடையவரின் செல்வமாயிற்று. இது இரண்டாவது. இவ்விரண்டையும் மறவாது மேலே செல்வோம்.

இன்றைய நிலை யாது? புதிய சலவைப் பொறியும் குளிர்சாதனமும் தம் பழுதைத் தாமே ஓரளவு உணர்கின்றன. உள்ளே அமைந்த உணர்விகள் வெப்பத்தையும் அதிர்வையும் மின்னோட்டத்தையும் அளக்கின்றன. முகப்பில் ஓர் எழுத்தும் எண்ணும் தோன்றுகின்றன. அக்குறியின் பொருளைச் செயற்கை நுண்ணறிவு நொடியில் கூறிவிடும். சுற்றுப் பலகையின் படத்தைக் காட்டினால் கருகிய உறுப்பைச் சுட்டும். சுழலும் மோட்டாரின் ஓசையைப் பதிந்து கேட்பித்துப் பேரிங்கின் தேய்வை அறியும் முறை தொழிற்சாலைகளில் வழக்கில் உள்ளது. எல்லாவற்றினும் மேலாக, ஆங்கிலத்திலும் சீனத்திலும் அச்சிட்ட கையேடுகளைத் தமிழில் விளக்கிக் கூறும். ஆங்கிலம் அறியாமையால் பெரிய பொறிகளைத் தொட அஞ்சிய தொழிலாளிக்கு இஃது ஒரு பெரும் பேறன்றோ? மலையில் வாழ்வார்க்கு மற்றொரு நன்மையும் உண்டு. ஐயம் ஒன்றைத் தீர்க்க இருபது வளைவுகளையும் இறங்கிச் சேலம் செல்ல வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் கேட்டபோது, ‘இனிப் பழுது பார்ப்பவர் எதற்கு?’ என்னும் ஐயம் எனக்கும் எழுந்தது. அதனைத் தெளிவித்த நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் கூறுவேன்.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் ஏற்காட்டில் பட்டறை வைத்திருக்கின்றார். இலக்கணத்தில் அவருக்கு நாட்டமில்லை. உடைந்த கடிகாரத்தை வகுப்பில் மறைத்துப் பிரித்துக்கொண்டிருப்பார். நானும் அதற்காக அவரைக் கடிந்துகொண்டதுண்டு. அவருடைய மகள் பத்தாம் வகுப்புத் தேறியவள். ஒரு நாள் மாலை அப்பட்டறையில் நான் அமர்ந்திருந்தபொழுது தலைச்சோலையிலிருந்து இளைஞர் ஒருவர் வந்தார்.

அவர் வீட்டில் வெந்நீர்க் கொதிகலன் உண்டு. சில நாள்களாகக் குழாயைத் தொட்டால் கையில் ‘சுருக்’கென்று தைப்பது போன்ற உணர்ச்சி ஏற்பட்டதாம். அவர் தம் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவை வினவினார். ‘சூடேற்றும் சுருளின் உறையில் வெடிப்பு ஏற்பட்டு மின்சாரம் நீரில் கசிகின்றது, உடனே மின்தொடர்பைத் துண்டித்துச் சுருளை மாற்றுக, நிலத்தொடர்பையும் சோதிக்க’ என்று அது விடை கூறிற்று. இளைஞர் அறிவுடையவர், முறையாக மின்தொடர்பைத் துண்டித்துப் புதிய சுருளைத் தாமே பொருத்தினார். தைப்பு நின்றது. சுருளுக்கான இறுக்கு வளையம் ஒன்று வாங்கவே அன்று பட்டறைக்கு வந்தார். நடந்ததைப் பெருமிதத்தோடு கூறினார்.

பட்டறைக்காரர் முழுவதும் கேட்டபின், “தம்பி! எர்த்தைப் பார்த்தீரா?” என்று வினவினார்.

“பார்த்தேன் அண்ணா! சுவரில் உள்ள செருகுவாயில் மூன்று துளைகள் உள்ளன. மூன்றாவது எர்த்துத்தானே?” என்றார் இளைஞர்.

பட்டறைக்காரர் ஒன்றும் கூறாமல் கருவிப் பையை எடுத்தார். மகளும் உடன் சென்றாள். ஊருக்குத் திரும்புபவனாகிய நானும் அவர்களோடு சென்றேன். அவர் கொதிகலனைத் தொடவில்லை. செருகுவாயின் மூன்றாம் துளையிலிருந்து செல்லும் கம்பியைச் சுவர் வழியே தேடிக்கொண்டு சென்றார். அது வீட்டின் பின்புறம் இறங்கிற்று. அங்கே புதிதாகப் பூசிய சிமெண்டுத் திண்ணை ஒன்று இருந்தது. திண்ணை கட்டியபோது நிலத்தொடர்புக் குழியை மூடிவிட்டனர். கம்பி அறுந்து சுவரோடு தொங்கிற்று. பாறை மிகுந்த மலை நிலத்தில் மின்சாரம் எளிதில் பாய்வதில்லை; ஆழமாகக் குழி தோண்டிக் கரியும் உப்பும் இட்டு ஈரம் காத்தாலன்றி நிலத்தொடர்பு பயன் தராது. அதுவும் இங்கே அறுந்து கிடந்தது.

“சுருள் போனது உண்மை. மாற்றியதும் சரியே. ஆயினும், எர்த்து இருந்திருந்தால் கசிந்த மின்சாரம் மண்ணில் இறங்கியிருக்கும். உம் கையில் ஏறியிராது. இந்தப் புதிய சுருளும் ஒரு நாள் வெடிக்கும். அன்று குழாயைத் தொடுபவர் யாரோ?” என்றார் பட்டறைக்காரர்.

அவ்வீட்டில் ஒரு மூதாட்டியும் இரண்டு குழந்தைகளும் இருந்தனர். இளைஞர் முகம் வெளிறிற்று. பட்டறைக்காரர் வேறிடத்தில் புதிய குழி அமைத்துக் கொடுத்தார். கசிவு நேர்ந்தால் மின்னோட்டத்தைத் தானே துண்டிக்கும் காப்பொன்றையும் பொருத்தச் செய்தார்.

மாணவர்களே! இந்நிகழ்ச்சியில் பொறி பொய் கூறிற்றா? இல்லை. அது கூறியது முற்றும் மெய். நிலத்தொடர்பைச் சோதிக்க என்றும் அது கூறத்தான் செய்தது. ஆனால், சிமெண்டுத் திண்ணையை அது கண்டதில்லை. ‘சோதித்தேன்’ என்று இளைஞர் எண்ணியது சோதனையன்று என்பதையும் அஃது அறியாது. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம், நோயை ஆராய்வதோடு நில்லாது அந்நோயின் முதற்காரணத்தையும் ஆராய வேண்டும் என்று மருத்துவனுக்கு நெறி வகுக்கின்றது. பொறி நோயைக் கூறிற்று; நோயின் முதலைக் கண்டவர் பட்டறைக்காரர். பழுது பொறியில் தோன்றினும் அதன் வேர் பலகால் வீட்டில் இருக்கும். சுவரின் ஈரத்தில் இருக்கும். மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வில் இருக்கும். பயன்படுத்துவாரின் பழக்கத்தில் இருக்கும். அவ்விடத்திற்கு நடந்து சென்று காண்பதற்குக் காலும் கண்ணும் வேண்டும்; பிறர் உயிரைத் தன்னுயிராக எண்ணும் பொறுப்பும் வேண்டும்.

மேலும், பொறி சிற்சில வேளைகளில் தவறாகவும் கூறும். மொழியால் உரையாடும் பொறி, கற்ற எழுத்துகளின் போக்கைக் கொண்டு பொருத்தமான சொற்களைத் தொடுத்துரைக்கின்றது. மெய்யை உரைக்கும்போதும் பொய்யை உரைக்கும்போதும் அதன் குரலில் தடுமாற்றம் இராது. கதையில் இப்பிழை நேர்ந்தால் கேடில்லை. மின்கருவியில் நேர்ந்தால் உயிர் போகும். நுண்ணலை அடுப்பின் செருகியைப் பிடுங்கிய பின்னரும் அதன் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் 2000 வோல்ட் அளவிலும் மின்னூட்டம் தேங்கியிருக்கக்கூடும். நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். அதுவே ஆளைக் கொல்ல வல்லது. இக்காலக் குளிர்பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்னும் வளி நிரப்பப்படுகின்றது. ஓசோன் படலத்திற்கு அது தீங்கு செய்யாது. ஆனால் தீப்பற்றும் இயல்புடையது. அவ்வளி கசியும் இடத்தில் பற்றவைப்புத் தீயைக் கொண்டுசெல்வான் கதி என்னாகும்? ஆதலின், பயிற்சி இல்லாதார் கைப்பேசியின் சொல்லை மட்டும் நம்பி இத்தகைய பொறிகளைத் திறத்தல் கூடாது.

அங்ஙனமாயின், பழுது பார்ப்பார் அனைவரும் அச்சமின்றி இருக்கலாமோ? இருக்கலாம் என்று கூறி மாணவரை மகிழ்விப்பது எளிது. ஆயின், உண்மையை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. சிலருக்கு வருவாய் குறையும். பழுதின் பெயரை மட்டும் கூறிக் கட்டணம் பெறுவோர் வேலையைப் பொறி எடுத்துக்கொள்ளும். தொலைபேசியில் குறை கேட்டு வழக்கமான விடை கூறுவோர்க்கும் அவ்வாறே. சிறு பழுதுகளை வீட்டார் தாமே நீக்கிக்கொள்வர். அது தீமையும் அன்று.

ஆயினும், பட்டறையின் வாயிலை அடைக்கக்கூடிய பெரும்பகை செயற்கை நுண்ணறிவன்று. பொறிகளின் அமைப்பே மாறி வருகின்றது. பழைய மேல்விசிறியில் செம்புச் சுருளும் கெப்பாசிட்டரும் பேரிங்கும் இருந்தன; மூன்றையும் சிற்றூர்த் தொழிலாளி அறிவார். அது 70 வாட்டுக்கு மேல் மின்சாரம் உண்ணும். இன்று பரவிவரும் புதுவகை விசிறி அதில் பாதியையும் உண்பதில்லை. ஆனால், அதன் உயிர் ஒரு மின்னணுப் பலகையில் இருக்கின்றது. பலகைகள் சிலவற்றின் மேல் பிசின் ஊற்றி மூடியிருப்பர். உறுப்பு ஒன்று கெட்டால் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும். பலகை கடையில் கிடைக்காது. செய்த நிறுவனத்திடமே பெறல் வேண்டும். நிறுவனம் தன் ஆளுக்கு மட்டுமே உறுப்பையும் கையேட்டையும் மறைசொல்லையும் தருமாயின், ஏற்காட்டுப் பட்டறைக்காரர் எத்துணை அறிவுடையராயினும் என் செய்வார்? பூட்டிய பெட்டியின் முன் திறமை நின்று தலை குனியும். பழுது பார்க்க இயலாத பொறி குப்பைக்குச் செல்லும். அக்குப்பை மலையின் ஓடைகளில் சேரும்.

இதனை உணர்ந்தே உலக நாடுகள் ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்னும் கொள்கையை வலியுறுத்தலாயின. நம் நடுவணரசின் நுகர்வோர் நலத்துறை 2022-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசி முதலிய மின்னணுக் கருவிகள், வீட்டுப் பொறிகள், ஊர்திகள் ஆகிய நான்கு துறைகளை அது முதற்கண் எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் கையேடுகளையும் உறுப்பு விவரங்களையும் ஒருங்கே காண்பதற்கான இணைய வாயில் ஒன்றும் திறக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ஆம் ஆண்டில் இவ்வுரிமைக்கெனத் தனி நெறிமுறையே இயற்றிற்று. இவ்வுரிமை வலுப்பெறுமாயின் செயற்கை நுண்ணறிவு பட்டறைக்காரரின் கைவிளக்காகும். வலுப்பெறாதாயின் அது நிறுவனத்தின் காவல் நாயாகும். விளக்கு ஆவதும் நாய் ஆவதும் பொறியின் கையில் இல்லை. மக்கள் இயற்றும் சட்டத்தின் கையில் உள்ளது.

தலைச்சோலையில் அவ்வேலை முடிந்து திரும்புகையில் பட்டறைக்காரர் தம் உள்ளக் கவலையை என்னிடம் வெளியிட்டார். “ஐயா! இவளைச் சேலம் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவில் சேர்க்க எண்ணினேன், இரண்டாண்டுப் படிப்பு. ஆனால், எல்லாவற்றையும் பொறியே கூறிவிடும் காலத்தில் இத்தொழிலைக் கற்பித்து இவள் வாழ்வைக் கெடுத்துவிடுவேனோ என்று அஞ்சுகின்றேன்” என்றார்.

நான் விடை கூறுவதற்கு முன் அச்சிறுமி, “அப்பா! இன்று எர்த்துக் கம்பியைத் தேடிச் செல்ல வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டாள்.

“பத்தாண்டுக்கு முன் வேறொரு வீட்டில் இப்படியே நேர்ந்தது. அங்கே நான் சுருளை மாற்றிவிட்டு வந்துவிட்டேன். மறு மழைக்காலத்தில் அவ்வீட்டுப் பசு இறந்தது. மனிதர் இறவாதது தெய்வச் செயல். அன்று முதல் எர்த்தைப் பாராமல் எந்த வீட்டையும் விட்டு வருவதில்லை” என்றார் தந்தை.

“அதை எங்கேனும் எழுதி வைத்திருக்கின்றீர்களா?”

அவர் சிரித்தார். “எழுதுவதற்கு நான் என்ன புலவனா?” என்று என்னைப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது ஆண்டு தமிழ் கற்பித்த எனக்கு அவ்வினா ஒரு பெரும் பாடமாக அமைந்தது. செயற்கை நுண்ணறிவு கற்பது பெரும்பாலும் எழுதி வைத்தவற்றிலிருந்தே. சேர்வராயன் மலையின் மூடுபனி சுருளில் எவ்வாறு படிகின்றது, எத்திங்களில் எப்பழுது மிகுகின்றது, பாறை நிலத்தில் நிலத்தொடர்பை எவ்வாறு அமைப்பது, ஈரமேறிய மோட்டாரைக் குண்டு விளக்கின் சூட்டில் எத்துணை நேரம் உலர்த்துவது என்பவற்றை அத்தொழிலாளியைப் போன்றோர் கையால் அறிவர். ஏட்டில் எழுதியவர் இலர். ஏட்டில் இல்லாததைப் பொறி எங்ஙனம் அறியும்? ஏட்டில் இல்லாததை அவர் மகள்தான் எங்ஙனம் அறிவாள்?

அப்பொழுது நான் கூறினேன்: “அம்மா! நீ பயிற்சி நிலையத்தில் சேர். மின்னியலின் விதிகளை அங்கே கற்றுக்கொள். கைப்பேசியில் உள்ள பொறியையும் அஞ்சாமல் கேள். அது கூறுவதை மல்டிமீட்டரால் அளந்து பார்த்து நம்பு. விடுமுறை நாளில் தந்தையோடு பட்டறையில் அமர். ஒரு குறிப்பேடு வாங்கு. நாள்தோறும் வரும் பழுதை நான்கு வரியில் எழுது: வந்த குறை யாது, கண்ட பழுது யாது, அதன் வேர் யாது, செய்த பரிகாரம் யாது. தவறாகச் செய்ததையும் மறவாமல் எழுது. ஓராண்டில் அந்த ஏடு உன் தந்தையின் நாற்பது ஆண்டு அறிவைச் சுமக்கத் தொடங்கும். அது உங்கள் செல்வம். யாருக்கு வழங்குவது, எவ்வாறு வழங்குவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.”

இப்பொழுது அவள் சேலத்தில் பயில்கின்றாள். தமிழ்நாட்டரசு 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தும் திட்டத்தை மேற்கொண்டது. திருப்புளி பிடித்த கைகள் இனி மின்னணுப் பலகையையும் தானியங்கிப் பொறியையும் பழகவேண்டும் என்பதே அதன் கருத்து. அவள் குறிப்பேட்டை நான் ஒருமுறை பார்த்தேன். முதல் பக்கத்தில், ‘குறை: குழாயில் தைப்பு. பழுது: சுருள். வேர்: மூடப்பட்ட எர்த்துக் குழி. பரிகாரம்: புதுக் குழி’ என்று எழுதியிருந்தாள். சந்திப் பிழை இரண்டு இருந்தன, நான் திருத்தவில்லை. பொருளில் பிழை இல்லை.

மாணவர்களே! அறிவைப் பொறி பகிர்ந்துகொள்ளும் காலம் வந்துள்ளது. நீங்கள் எத்தொழிலை மேற்கொள்ளினும் அப்பொறியோடு பழகவே வேண்டும். அதனை வெறுத்து ஒதுக்குவார் பின்தங்குவர். ஆராயாது நம்புவார் இடர்ப்படுவர். அது கூறுவதைக் கேளுங்கள்; கண்ணால் கண்டு கையால் சோதித்துத் தெளியுங்கள். உங்கள் பெற்றோர் கையில் உள்ள தொழிலறிவு எதுவாயினும், உழவாயினும் நெசவாயினும் பழுது பார்த்தலாயினும், அதனைக் கேட்டு எழுதி வையுங்கள். தலைச்சோலையில் மூடப்பட்டுக் கிடந்த அக்குழியைப் போல் அவ்வறிவும் மண்ணுக்குள் மறைந்து போகாதிருப்பதாக!